சீட்டில் நோயின் பெயர் இருக்கிறதா?

வீட்டில் கிடக்கும் பழைய மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். மாத்திரையின் பெயர் இருக்கும். காலை, இரவு என்று கணக்கு இருக்கும். ஐந்து நாள் கழித்து வரச் சொல்லியிருப்பார்கள். என்ன நோய் என்று எழுதியிருக்கிறதா? என்னிடம் இருந்த 17 சீட்டுகளில் இரண்டில்தான் அப்படி ஏதோ இருந்தது. ஒன்றில் 'எல்பிஏ' என்று மூன்று எழுத்து. மருந்துக் கடைத் தம்பியிடம் காட்டிக் கேட்டேன். லோ பேக் ஏக், அதாவது இடுப்பு வலி என்றான். அதை நான்தான் டாக்டரிடம் சொன்னேன். அவர் அதையே ஆங்கிலத்தில் எழுதிக் கையில் தந்திருக்கிறார்.

எனக்கு வலி தொடங்கியது மகன் பிறந்து ஒரு வருடம் கழித்து, 27 வயதில். பிரசவம் சிசேரியன். அதனால் காரணம் தேட யாரும் சிரமப்படவில்லை. "முதுகில ஊசி போட்டதில்லா மக்களே, அது அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமி. பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னார். ஒரு டாக்டர்கூடச் சிரித்துக்கொண்டே அதற்குத் தலையாட்டினார். அந்த மரப்பு ஊசியால் போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

நாலரை வருடத்தில் ஆறு டாக்டர், ஒரு வைத்தியர், ஒரு வர்ம ஆசான். ஏழாவது டாக்டர் என் ஸ்கேன் கவரைத் திறக்கவே இல்லை. "காலையில் எழுந்தால் விறைப்பு இருக்குமா? எத்தனை நிமிஷத்தில் சரியாகும்?" என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா சொன்னாள்: "மகனுக்க ஸ்கூல் வேன் வாறது வரைக்கும் இவளுக்குக் குனிய ஒக்காது டாக்டரே. அவனுக்கு ஷூ போட்டு விடுயது நானாக்கும்." நான் எழுவது ஆறரைக்கு, வேன் வருவது எட்டேகாலுக்கு. அப்புறம் அவர், நடந்தால் வலி கூடுமா குறையுமா என்றார். குறையும். ராத்திரி? மூன்று மணிக்கு வலியில் முழிப்பு வரும், எழுந்து முற்றத்தில் நாலு சுற்று நடந்தால் படுக்க முடியும்.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கால் வரும் வலி பெரும்பாலும் வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். எனக்கு நேர்மாறாக இருந்தது. இடுப்பு எலும்பும் முதுகெலும்பின் அடிப்பாகமும் சேரும் மூட்டில் எம்ஆர்ஐ எடுத்தார்கள், எச்எல்ஏ பி27 என்ற மரபணுக் கூறு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் என்று பெயர் வந்தது. முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கி, கவனிக்காமல் விட்டால் மெல்ல மெல்ல முதுகையே வளையாமல் ஆக்கக்கூடிய ஒரு வகை வாதம். 'நடந்தால் குறையும்' என்ற இரண்டு சொல்லை அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொன்னதில்லை. போகும் இடமெல்லாம் "இடுப்பு வலி, ஒரு ஊசி போடுங்க" என்றுதான் கேட்டிருக்கிறேன். கேட்டதைக் கொடுத்தார்கள்.

புதிதாக ஆஸ்பத்திரி ஏறி இறங்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அதற்கு வேண்டியதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், பதில் வரும்வரை கேட்பதும் நம் வேலை.

இதைப் படித்துக்கொண்டு உட்காரக் கூடாதவர்கள்

நெஞ்சில் அழுத்தம், வேர்த்துக் கொட்டுதல், முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், மூச்சு முட்டல் இருந்தால் கீழே நான் சொல்லப்போகும் அரைத்தாளும் வேண்டாம், ஃபைலும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். இடுப்பு வலிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, கால் பலம் இழந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு. காலையில் போகலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

நம் ஊரில் 'கேஸ்', அதாவது வாயு, என்ற சொல் பலரைக் கொன்றிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர் "கேஸ் டாக்டரே" என்று தானே முடிவைச் சொல்லிவிடுகிறார். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு பல சமயம் படத்தில் காட்டுவதுபோல வராது. மேல்வயிறு, தாடை, முதுகு, வெறும் சீணம் (சோர்வு) என்று வரும். முதல் ஈசிஜி நன்றாக இருந்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்ததில் மாற்றம் தெரிவதும் உண்டு. அதனால் வலி நிற்காவிட்டால் "இன்னொரு ஈசிஜி எடுத்துப் பார்க்கலாமா, ட்ரோப்போனின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டுமா" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

வீட்டில் செய்யும் வேலை: அரைத்தாள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், செலவே இல்லாதது. அறைக்குள் நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். வெளியே நூறு பேர். உள்ளே போனதும் வாய் உலர்ந்துவிடும், சொல்ல நினைத்தது பஸ் ஸ்டாண்டில் ஞாபகம் வரும். அதனால் முந்தின நாள் ராத்திரி ஒரு நோட்டுத் தாளைப் பாதியாகக் கிழித்து எழுதுங்கள். முழுத்தாள் வேண்டாம், முழுத்தாளை யாரும் படிக்க மாட்டார்கள்.

நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய தாள் இப்படி இருந்திருக்கும்:

வயது 27. வீட்டு வேலை, ஜவுளிக்கடையில் எட்டு மணி நேரம் நிற்பது.
இடுப்பின் கீழே, சில நாள் வலப்பக்கம், சில நாள் இடப்பக்கம். 5 மாதமாக. அடிபடவில்லை.
காலையில் விறைப்பு, ஒன்றரை மணி நேரம். நடந்தால் குறையும். படுத்தால் கூடும். ராத்திரி 3 மணிக்கு முழிப்பு.
கண் ஒருமுறை சிவந்து வலித்தது, சொட்டு மருந்தில் சரியானது.
சாப்பிட்ட மருந்து: வலி மாத்திரை, குறைந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்தது. தைலம் தேய்த்தேன்.
அப்பாவின் தம்பிக்குக் கூன் விழுந்த முதுகு.
முடியாத வேலை: குனிந்து ஷூ போடுவது, கட்டிலில் புரண்டு படுப்பது.

ஏழு வரிதான். இதில் கண் சிவந்ததையும் சித்தப்பா முதுகையும் நான் நாலரை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். சம்பந்தம் உண்டு, இந்த நோயில் கண்ணின் உள்ளே அழற்சி வருவது தெரிந்த விஷயம். எது சம்பந்தம் எது இல்லை என்று நாம் தீர்மானிக்கக் கூடாது.

வலியைச் சொல்ல நம் மொழியில் எத்தனை சொல் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். குத்து, குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, சுருக்கென்று இழுப்பது, விண்விண்ணென்று தெறிப்பது, மரப்பு, மதமதப்பு. பாட்டிமார் இவற்றை மாற்றிப் போட மாட்டார்கள். நாம்தான் எல்லாவற்றையும் 'பெயின்' ஆக்கிவிட்டோம். பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் நரம்புப் பக்கம் காட்டும், மூட்டில் காலை விறைப்பு வாதப் பக்கம் காட்டும். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் அம்மாவிடம் எந்தச் சொல்லில் சொல்வீர்களோ அதிலேயே சொல்லுங்கள். வாயு, சூடு, பித்தம் என்று காரணத்தைச் சொல்லி முடிக்காமல், உடம்பில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

தொழிலைக் கட்டாயம் எழுதுங்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தொழில் பாதி நோயைச் சொல்லிவிடும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டுபவர் விடியற்காலையில் ஈரத் தோட்டத்தில் நிற்கிறார், பாலை உறைய வைக்கும் ஆசிட்டின் ஆவியைச் சுவாசிக்கிறார். தோவாளைப் பக்கம் வயலில் இறங்குபவர் எலி நடமாடும் தண்ணீரில் நிற்கிறார். கசுவண்டி (முந்திரிக்கொட்டை) உடைப்பவர் கையில் அதன் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுத் தோல் உரியும். தூத்தூர் வட்டாரத்தில் ஆழ்கடல் போகிறவர் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை, மாத்திரை தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

காய்ச்சல் ஐந்து நாளாக விடவில்லை, டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்கிறார்கள் என்று வையுங்கள். "நான் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்று சொல்லிவிட்டால் டாக்டரின் யோசனை எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் பக்கம் திரும்பும். உண்ணிக்காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருப்பது உண்டு. வலிக்காது, அரிக்காது, அதனால் ஆளுக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவான இடத்தில் இருக்கும். கூச்சப்பட்டுச் சட்டையைக் கழற்றாவிட்டால் அது யார் கண்ணிலும் படாது. குளிக்கும்போது நீங்களே தேடிப் பாருங்கள், இருந்தால் காட்டுங்கள்.

எந்த வாசலில் நுழைவது

இடுப்பு வலி என்றால் எலும்பு டாக்டர், தலைவலி என்றால் நரம்பு டாக்டர் என்று நாமே பிரித்துக்கொண்டு போகிறோம். நான் பார்த்த ஆறு பேரில் நாலு பேர் எலும்பு டாக்டர்கள். அவர்கள் எலும்பைப் பார்த்தார்கள். என்ன நோய் என்றே தெரியாதபோது முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். அங்கே முடியாதென்றால் குழித்துறை, குளச்சல் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, தக்கலையில் பத்மநாபபுரம் மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே ஓபி சீட்டு எடுக்கும்போது "பொது மருத்துவம்" என்று கேளுங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பத்து மணிக்குப் போனால் வரிசை மருந்து கொடுக்கும் ஜன்னல் வரை நிற்கும். பயிற்சி டாக்டர்கள் முதலில் கேள்வி கேட்பார்கள். சின்னப் பிள்ளைகள் என்று அலட்சியமாகப் பதில் சொல்லாதீர்கள். உங்கள் கதையை முழுசாகக் கேட்கப் பொறுமை உள்ளவர்கள் அநேகமாக அவர்கள்தான்.

மூட்டு வாதம் என்று சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட். இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்பதே எனக்கு நாலு வருடம் தெரியாது.

நம்மில் பாதிப் பேர் கடைசியில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போவோம். 1956 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தோம், பழக்கம் விடவில்லை. மெடிக்கல் காலேஜ், இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீசித்ரா, புற்றுநோய்க்கு ஆர்சிசி. போவதற்கு முன்பு இங்குள்ள டாக்டரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். விளவங்கோடு, கல்குளம் ஆட்களுக்கு மலையாளம் தடையில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஆட்கள் கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள். எங்கள் உறவில் ஒரு பெரியவரிடம் அங்கே டாக்டர் "பனியுண்டோ?" என்று கேட்க, "மார்கழியில கொஞ்சம் உண்டும்" என்றிருக்கிறார். அவர் கேட்டது காய்ச்சலை.

அறைக்குள்

"ஒரு நாலு வருஷத்துக்கு முந்தி, என் மகன் பிறந்தப்ப" என்று தொடங்காதீர்கள். இன்றைக்கு உங்களால் எது முடியவில்லை என்பதில் தொடங்குங்கள். "காலையில் ஒன்றரை மணி நேரம் குனிய முடியவில்லை. ஐந்து மாதமாக இருக்கிறது. நடந்தால் குறைகிறது." அவ்வளவு சொல்லிவிட்டு அரைத்தாளை மேசையில் வையுங்கள்.

கூட வருபவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நம் வழக்கத்தில் மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் பேசுவது மாமி, மனைவிக்கு என்றால் பேசுவது கணவன். நோயாளி ஓரமாக உட்கார்ந்திருப்பாள். "நான் சொல்லுவேன், நான் விட்டதை மட்டும் நீங்க சொல்லுங்க மாமி" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். விட்டதைச் சொல்ல ஆள் வேண்டும். என் அம்மா இல்லாவிட்டால் அந்த ஸ்கூல் வேன் கணக்கு வெளியே வந்திருக்காது. ஆனால் மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், தாம்பத்தியம், குடி, மனசு பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால், "கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்று டாக்டரையே சொல்லச் சொல்லலாம். நர்ஸிடம் முன்கூட்டியே காதில் போட்டால் அவரே செய்துவிடுவார்.

டாக்டர் எழுதத் தொடங்கியதும் மூன்று கேள்வி. இது என்னவாக இருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? வேறு என்னவாகவும் இருக்கக்கூடும்? எத்தனை நாளில் குறையாவிட்டால் நான் திரும்ப வர வேண்டும்?

இரண்டாவது கேள்விதான் விலை உயர்ந்தது. அதைக் கேட்டதும் சில டாக்டர்கள் பேனாவை வைத்துவிட்டு ஒரு நொடி யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலருக்குக் கோபமும் வரும். நமக்கும் டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று ஒரு கூச்சம். அதற்கு நான் கண்டுபிடித்த வழி, வீட்டின் மேல் பழியைப் போடுவது. "டாக்டரே, வீட்டில் போனால் என்ன நோய் என்று கேட்பார்கள், எனக்குச் சொல்லத் தெரியாது, சீட்டில் ஒரு வரி எழுதித் தாங்க." இதற்கு மாட்டேன் என்று சொன்ன டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை. உறுதியாகத் தெரியாவிட்டால் சந்தேகம் என்றோ கேள்விக்குறி போட்டோ எழுதுவார்கள். அதுவும் போதும். அடுத்த டாக்டருக்கு அந்தக் கேள்விக்குறியே ஒரு தொடக்கம்.

"எல்லாம் மனசுதான்" என்று சொன்னால்? எனக்கு மூன்றாவது டாக்டர் சொன்னார். கணவர் வளைகுடாவில் இருக்கிறார் என்று கேட்டதுமே அவர் முடிவுக்கு வந்துவிட்டார். அன்று அழுதுகொண்டே வெளியே வந்தேன், திரும்பப் போகவே இல்லை. இப்போதானால் வேறு மாதிரி சொல்வேன்: "மனசாகவும் இருக்கலாம் டாக்டர், அதையும் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் உடம்பில் வேறு எதெல்லாம் இல்லை என்று உறுதி செய்தீர்கள்?" மன அழுத்தமும் பதற்றமும் உண்மையான நோய்கள், உடம்பில் வலியாகவும் வரும், அவற்றுக்கும் மருந்து உண்டு. அந்தப் பெயரைக் கேட்டு அவமானப்பட வேண்டாம். ஆனால் மற்றவற்றைப் பார்த்த பிறகு வர வேண்டிய பெயர் அது.

'எல்லாம் நார்மல்'

எந்தப் பரிசோதனை நார்மல் என்று கேளுங்கள். என் இடுப்பு எக்ஸ்ரே இரண்டு தடவை நார்மல். இந்த நோயில் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வருடங்கள் ஆகும், எம்ஆர்ஐயில் முன்பே தெரியும். அந்த எம்ஆர்ஐகூட எனக்கு ஒருமுறை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள், டிஸ்க் இருக்கும் இடத்தில். நோய் இருந்தது அதற்குக் கீழே. ரத்தப் பரிசோதனையில் ஆர்ஏ ஃபேக்டர் இல்லை என்றால் முடக்குவாதம் இல்லை என்றும் ஆகாது, அது வராமலே முடக்குவாதம் உள்ளவர்கள் கணிசம். அதேபோல் எச்எல்ஏ பி27 இருந்தாலே நோய் இருக்கிறது என்றும் இல்லை. தாளில் இருக்கும் எண்ணை உங்கள் உடம்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதனால் கூகிளில் தேடிப் பயந்துகொள்வதை விட "இந்தப் பரிசோதனையில் தெரியாமல் போகக்கூடியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பது மேல்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை கேளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வராதீர்கள், காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னால் கட்டன் சாயாவும் கூடாது. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன்பு அதைச் சொல்லிவிடுங்கள், அது முடிவைக் குழப்பக்கூடும். ஆயிரக்கணக்கில் காசு வாங்கும் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் பற்றி ஒரு வார்த்தை: என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் அறுபது எண்களை வாங்கி வருவதில் லாபம் லேபுக்குத்தான்.

திரும்பப் போங்கள்

நான் செய்த பெரிய தப்பு இங்கே இருக்கிறது. ஆறு டாக்டர்களில் ஒருவரிடமும் மூன்றாவது தடவை போகவில்லை. நாலு பேரிடம் இரண்டாவது தடவையே போகவில்லை. மாத்திரை தீரும், வலி திரும்பும், "அந்த டாக்டருக்குக் கைராசி இல்லை" என்று யாராவது சொல்வார்கள், அடுத்தவரிடம் போவோம். அவர் மறுபடி முதல் படியில் தொடங்குவார், அதே வலி மாத்திரை வேறு பெயரில். நான் வராததால் முந்தின டாக்டர் எனக்குக் குணமாகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். அவர் யோசனை தப்பு என்று அவருக்குச் சொல்ல நான் போகவே இல்லையே.

ஒரே டாக்டரிடம் இரண்டாவது முறை போய், "நீங்கள் தந்ததை பத்து நாள் சாப்பிட்டேன், சாப்பிடும்வரை பாதி குறைந்தது, நிறுத்திய மூன்றாம் நாள் அப்படியே வந்துவிட்டது" என்று சொல்வது ஒரு ஸ்கேனுக்குச் சமம். அந்தத் தகவல் இல்லாமல் அவர் இரண்டாம் படிக்குப் போக முடியாது. மூன்று தடவை போயும் அதே சீட்டு, கேள்விக்குப் பதில் இல்லை என்றால் மாறுங்கள். அறுவைச் சிகிச்சை என்று சொன்னாலோ ஆயுள் முழுக்க மருந்து என்று சொன்னாலோ அவசரமில்லாத பட்சத்தில் இன்னொருவரையும் பாருங்கள். இரண்டாவது கருத்துக் கேட்பது துரோகம் இல்லை, தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் அது ஒரு உரிமையாகவே இருக்கிறது. புதியவரிடம் முந்தியவர் என்ன சொன்னார் என்பதில் தொடங்காமல் அரைத்தாளில் தொடங்குங்கள். அவர் தானாக யோசித்த பிறகு பழைய ஃபைலைக் கொடுங்கள். பழைய டாக்டரைத் திட்டாதீர்கள், இவர் கவனம் அதில் போய்விடும்.

ஃபைல்

வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஏதாவது ஒரு ஸ்டேஷனரிக் கடையில் ஜிப் வைத்த ரெக்ஸின் ஃபைல் கிடைக்கும். எல்லாத் தாளையும் தேதி வரிசையில், புதியது மேலே. எக்ஸ்ரே ஃபிலிமை மடிக்காதீர்கள், அலமாரிக்குப் பின்னால் செருகாதீர்கள். எம்ஆர்ஐ என்றால் ரிப்போர்ட் மட்டும் போதாது, சிடியையும் கேட்டு வாங்குங்கள். நல்ல டாக்டர்கள் படத்தைத் தாங்களே பார்க்க விரும்புவார்கள். ரசீதுத் தாளில் மை மங்கிப் போகும், அதனால் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

உள்நோயாளியாக இருந்த ஆஸ்பத்திரி ஆவணம் தர இழுத்தடித்தால், 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளைச் சொல்லுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும், உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வாயால் கேட்டால் அலைய விடுவார்கள். வெள்ளைத் தாளில் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு வாரக்கணக்கில் கிடைக்காதது அந்த முத்திரைக்குப் பிறகு மறுநாள் கிடைத்தது.

ஆசானிடம் போவது பற்றி

போகாதீர்கள் என்று இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் என்னை யாரும் மதிக்க மாட்டார்கள். தெற்கே வர்மத்துக்கென்று ஒரு பரம்பரை இருக்கிறது. கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நான் சொல்வது மூன்று. நோயின் பெயர் தெரியும்முன் முதுகை முறிக்கவோ மிதிக்கவோ விடாதீர்கள், என்னைப் போன்றவர்களின் விறைத்த முதுகில் வேகமாகத் திருகினால் எலும்பு உடையக்கூடும். பெயரில்லாத பொட்டலத்தில் தரும் பொடி, உருண்டை வேண்டாம். இரண்டே நாளில் எல்லா வலியும் மாயமானால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அது நோயை மறைக்கும். அப்படி மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மூன்றாவது, கஷாயம், லேகியம் எதுவானாலும் அரைத்தாளில் எழுதுங்கள். திட்டினால் திட்டட்டும்.

பணம்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. நோய் வந்த பிறகு ஓடாமல் நன்றாக இருக்கும்போதே எடுத்து வைப்பது நல்லது. எந்த ஆஸ்பத்திரியில், எந்தப் பரிசோதனைக்குச் செல்லும் என்று 1800 425 3993-இல் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104 இருக்கிறது. தனியாரில் ஸ்கேன் எழுதித் தந்தால், அதே ஸ்கேன் ஆசாரிப்பள்ளத்தில் எவ்வளவு, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெயர் கிடைத்த பிறகு

அந்தப் பெயரைத் தமிழில் ஒரு தாளிலும் ஆங்கிலத்தில் ஒரு தாளிலும் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் கண் டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள். இது குடும்பத்தில் வரக்கூடிய நோயா என்று கேட்டு, ஆம் என்றால் கூடப் பிறந்தவர்களிடம் சொல்லுங்கள்.

போன மாதம் தம்பி மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். அங்கே வேலைக்குப் போனதிலிருந்து குதிகால் வலி, செருப்பு சரியில்லை என்று நினைக்கிறானாம், புதுச் செருப்பு வாங்கப் போகிறானாம். குதிகாலில் தசைநாண் ஒட்டும் இடத்தில் அழற்சி வருவதும் என் நோயின் பட்டியலில் உண்டு. "காலையில எழும்பினா எத்தனை நிமிஷத்தில சரியாவும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "கம்பெனி பஸ் வாறது வரைக்கும் நொண்டுவேன்" என்றான். அரைத்தாளைப் படம் எடுத்து அனுப்பினேன், அவனுடையதை எழுதிக்கொண்டிருக்கிறான்.